“எங்கட ஊர்தானே, சுவாமி!”

பத்திரிகை ஆசிரியரின் மேசையில் இருந்து பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகத் தெரியும். வெள்ளம் வந்த முதல் வாரத்தில் அந்த மேசை படங்களால் நிரம்பிவிடுகின்றது. முழங்கால் அளவு நீரில் பிள்ளையைத் தோளில் சுமந்து வரும் தந்தை, மதிலின்மேல் ஒதுங்கி நிற்கும் ஆடு, பாடசாலை வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்கள் என்று ஒவ்வொரு படமும் நெஞ்சை உருக்கும். இரண்டாம் வாரத்தில் படங்கள் பாதியாகக் குறைகின்றன. மூன்றாம் வாரத்தில் வருபவை பெரும்பாலும் நிவாரணம் கொடுப்போரின் படங்களே. ஒரு வருடம் சென்றபின் ஒருவரும் ஒரு படமும் அனுப்புவதில்லை. வெள்ளம் முடிந்துவிட்டது என்று நாம் எல்லோரும் எண்ணிக்கொள்கின்றோம்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் எமது நாட்டை வெள்ளக்காடாக்கிச் சென்றதை நீங்கள் அறிவீர்கள். அதன் பின் சில மாதங்கள் கழிந்து ஓர் இளைஞன் எம்மைத் தேடி வந்தான். தன் ஊரில் தான் எடுத்த படங்களைக் கைத்தொலைபேசியில் ஒவ்வொன்றாகக் காட்டினான். தண்ணீர் நின்ற உயரத்தைக் காட்டும் மண்ணிறக் கோடு சுவரிலே. ஊறி வீங்கிச் சாத்த முடியாமற் போன கதவு. சேறு நிரம்பித் தூர்ந்துபோன கிணறு. நல்ல படங்கள். அவற்றுள் ஒரு படத்தில் எமது கண் நிலைத்து நின்றது. வயது சென்ற ஒரு தாய் திண்ணையிலே பாய் விரித்து இருக்கின்றார். மடியிலே அவருடைய கலியாண அல்பம். ஒட்டிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கின்றார். படங்களில் முகங்கள் கரைந்துவிட்டன. தம்மை ஒருவர் படம் எடுக்கின்றார் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

“சுவாமி, இதைப் பேப்பரில போடுவீங்களோ?”

“இந்த அம்மாவிடம் கேட்டுத்தான் எடுத்தீரோ, தம்பி?”

சற்றுத் தயங்கினான். பின்னர், “எங்கட ஊர்தானே, சுவாமி” என்றான்.

அன்பார்ந்த வாசகர்களே, அந்த மூன்று சொற்களும் எம்மை விட்டு அகலவில்லை. ‘எங்கட ஊர்தானே.’ சொந்த ஊரின் துன்பத்தைப் படம் பிடிப்பதற்கு, அது சொந்த ஊர் என்பது மாத்திரம் போதிய உரிமையாகுமா? அந்நியன் செய்தால் தவறாகத் தோன்றும் ஒன்று, ஊரவன் செய்தால் சரியாகிவிடுமா? இன்று எம்மில் அநேகமாக எல்லோருடைய சட்டைப் பையிலும் ஒரு கமரா இருக்கின்றது. ஆகையால் இது படப்பிடிப்பாளர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் உரிய கேள்வி.

அந்நியனின் கமரா

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பின்னர் வந்த நாட்களை எமது கரையோர மக்கள் மறக்கமாட்டார்கள். முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் வடமராட்சிக் கரையிலும் கடல் எடுத்துச் சென்றது போக எஞ்சியவற்றை உலகத்தின் கமராக்கள் எடுத்துச் சென்றன. அந்தப் படங்களினால் உதவி வந்தது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். படம் இல்லையேல் அரிசியும் இல்லை, கூடாரமும் இல்லை என்ற நிலை அப்போது இருந்தது. ஆனால் வரிசையில் நின்று ஒரு பொதியைப் பெறுவதற்கு முன்னர் கமராவை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்த தாய்மாரும் இருந்தார்கள். கொடுத்தவரின் பெயர்ப் பதாகை மேலே தெரிந்தது. பெற்றவரின் பெயர் எங்கும் இல்லை. தன் துயரம் தன் கையை விட்டுப் போய், யாரோ ஒருவருடைய அறிக்கையின் அட்டைப்படமாகிவிட்டதை அவர்களுள் பலர் அறியவும் இல்லை.

இதனால்தான், ‘எங்கள் கதையை நாங்களே சொல்வோம், எங்கள் படத்தை நாங்களே எடுப்போம்’ என்ற எண்ணம் எமது இளைஞரிடம் எழுந்தது. அது நியாயமான எண்ணம். ஆனால் அந்த எண்ணம் எவ்வளவு பாரமானது என்பதை யப்பானிய புகைப்படக் கலைஞர் ஒருவரின் வாழ்க்கை எமக்குக் காட்டுகின்றது.

ஆறும் கடலும் அவருடைய ஊரும்

நவோயா ஹத்தகெயாமா 1958ஆம் ஆண்டு யப்பானின் வடகிழக்குக் கரையில் உள்ள ரிக்குசென்தகாதா என்ற சிறு பட்டினத்தில் பிறந்தவர். கெசென் என்னும் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த ஊர் அது. வளர்ந்தபின் அவர் தலைநகர் தோக்கியோவில் குடியேறி உலகறிந்த கலைஞரானார். சுண்ணாம்புக்கல் மலைகளை வெடிவைத்துப் பிளக்கும்போது பாறைகள் வானில் சிதறும் காட்சியை அவர் எடுத்த படங்கள் பெரும் புகழ் பெற்றவை. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது ஆற்றையும், வயலையும், தெருவையும், திருவிழாவையும் சாதாரணமாகப் படம் எடுத்து வருவார். அவை காட்சிக்கு வைப்பதற்கென்று எடுத்தவை அல்ல. ஒரு பெட்டியிலே போட்டு வைத்திருந்தார்.

2011ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி கடல் எழுந்தது. சுமார் 24,000 பேர் வாழ்ந்த அந்தப் பட்டினத்தில் 1,700க்கு மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். பட்டினத்தின் நடுப்பகுதி முழுவதும் துடைத்தெடுக்கப்பட்டது. கடற்கரையில் இருந்த ஏறக்குறைய 70,000 பைன் மரங்களுள் ஒன்றே ஒன்று நின்றது. சில நாட்களில் ஹத்தகெயாமா மோட்டார் சைக்கிளில் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். அவர் வளர்ந்த வீடு அங்கே இல்லை. அவருடைய தாயார் இறந்துவிட்டார்.

பிறர் மலையை வெடிவைத்துப் பிளப்பதைத் தூரத்தில் நின்று படம் எடுத்தவர் இப்போது தன் தாயின் வீடு இருந்த வெறுந்தரையில் நின்றார். எடுப்பதா, விடுவதா? அவர் எடுத்தார். அதே ஆண்டு தோக்கியோவில் நடந்த தமது கண்காட்சியில், வெள்ளத்துக்கு முன் எடுத்த ஆற்றின் படங்களையும் பின் எடுத்த படங்களையும் ஒன்றாக வைத்தார். 2012இல் ‘கெசென் ஆறு’ என்ற நூலாகவும் அவை வந்தன. பெட்டிக்குள் கிடந்த சாதாரண படங்கள் ஒரே நாளில் வேறு படங்களாகிவிட்டன. அவற்றில் ஒரு கோடு கூட மாறவில்லை. ஆனால் அவற்றில் தெரியும் மனிதரை இனி எவர் பார்த்தாலும், ‘இவர்கள் தப்பியிருப்பார்களோ?’ என்று கேளாமல் பார்க்க முடியாது.

இத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் அது ஒரு சோகக் கதையாக மட்டும் இருந்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. மீண்டும் மீண்டும் ஊருக்குப் போனார். சிதைவுகள் குவிக்கப்பட்டதை எடுத்தார். வெறுமையான நிலத்தில் புல் முளைத்ததை எடுத்தார். மலையொன்றை வெட்டி, நீண்ட பட்டிகள் மூலம் மண்ணை ஆற்றுக்கு மேலாகக் கொண்டுவந்து, பழைய பட்டினம் இருந்த நிலத்தைப் பத்து மீற்றர் அளவுக்கு உயர்த்தியதையும் எடுத்தார். 12.5 மீற்றர் உயரமான கடல்தடுப்பு மதில் எழுந்ததையும் எடுத்தார். 2015இல் அடுத்த நூல் வந்தது. பிறந்த ஊர் முதலில் நீருக்குள் போயிற்று. பின்னர் மண்ணுக்குள் போயிற்று. அந்த இரண்டாவது மறைவு மெதுவாக நடந்தது. செய்திப் படப்பிடிப்பாளர் எவரும் அதற்காக அங்கே காத்திருக்கவில்லை.

செயல், நோக்கம், சூழ்நிலை

குருமடத்தில் அறநெறியியல் படித்தபோது, ஒரு மனிதச் செயலை மதிப்பிட மூன்றைப் பார்க்க வேண்டும் என்று எமக்குச் சொல்லித் தந்தார்கள். செயல் எத்தகையது? நோக்கம் யாது? சூழ்நிலை என்ன? இந்த மூன்று கேள்விகளையும் கமராவிடம் கேட்டுப் பார்ப்போம்.

முதலாவது, செயல். படம் எடுத்தல் என்று நாம் சொல்வது பொருத்தமான சொல்லே. எதையோ எடுக்கின்றோம். வழமையான நாளில் ஒரு வீட்டுக்குக் கதவு உண்டு, யன்னல் உண்டு, திரைச்சீலை உண்டு. எதை வெளியார் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்கின்றார். வெள்ளம் அந்தக் கதவைக் கொண்டுபோய்விடுகின்றது. படுக்கையும் உடுப்பும் பாத்திரமும் தெருவுக்கு வந்துவிடுகின்றன. அவை தெருவில் கிடக்கின்றன என்பதால் தெருவுக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. கதவு இருந்தபோது தட்டிவிட்டுப் போன நாம், கதவு இல்லாதபோது இன்னும் கவனமாகத் தட்ட வேண்டும். இந்தக் கடமை அந்நியனுக்கு மட்டுமன்று, ஊரவனுக்கும் உண்டு. சொல்லப்போனால் ஊரவனுக்கே கூடுதலாக உண்டு. அந்நியனின் படத்தில் அந்தத் தாய் ‘ஒரு பெண்’ மாத்திரமே. ஊரவனின் படத்திலோ அவர் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று ஊர் முழுவதும் அறியும்.

இரண்டாவது, நோக்கம். நல்ல நோக்கங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று எச்சரிக்கை. யப்பானின் அதே கரையில் அனெயோஷி என்ற குக்கிராமத்தில் ஒரு கல் நாட்டப்பட்டிருக்கின்றது. 1933ஆம் ஆண்டுக் கடல்கோளின் பின்னர் அதை நாட்டியவர்கள், இந்த இடத்துக்குக் கீழே வீடு கட்டாதீர்கள் என்று சந்ததிகளுக்கு எழுதி வைத்தார்கள். சந்ததிகள் கேட்டார்கள். 2011இல் நீர் அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது. மேலே இருந்த வீடுகள் தப்பின. சுவரில் உள்ள மண்ணிறக் கோட்டைப் படம் எடுத்து, திகதி எழுதி, பேரப்பிள்ளைகளுக்கு வைத்துச் செல்வதும் அத்தகைய ஒரு கல் நாட்டுதலே. ஆனால் நோக்கங்களுள் ஒளிந்துகொள்ளும் வேறொன்றும் உண்டு. ‘நான் அங்கே இருந்தேன், நான் எடுத்தேன், எத்தனை பேர் பார்த்தார்கள்!’ என்ற மகிழ்ச்சி அது. பத்திரிகை நடத்தும் எமக்கும் அந்தச் சோதனை புதியதன்று. அழும் முகம் உள்ள படம் அட்டையில் வந்தால் பத்திரிகை கூடுதலாகப் போகும் என்பது எமக்கும் தெரியும்.

மூன்றாவது, சூழ்நிலை. சூழ்நிலைகளுள் எல்லோரும் மறந்துவிடுவது காலம். முதல் வாரத்துப் படம் உதவியை அழைக்கின்றது. பத்தாம் வருடத்துப் படம் உண்மையைச் சொல்கின்றது. 2004இன் கடல்கோள் எமது கரையில் எப்போது முடிந்தது? கிணறுகள் உவராகின, உப்பைப் போக்க அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் அடியில் இருந்த உவர்நீர் மேலேறியது. 2005இல் வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று சொல்லப்பட்டு, பின்னர் அது தளர்த்தப்பட்டது. அதற்கிடையில் உள்நாட்டில் குடியேறிய மீனவன் தோணியைத் தேடி நெடுந்தூரம் நடக்க வேண்டியவனானான். பிறப்புச் சாட்சிப் பத்திரமும் காணி உறுதியும் நீரோடு போனவர்கள் கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். பல இடங்களில் கடல்கோளின் மேலே போரும் வந்தது. இவற்றைப் படம் எடுக்க எவர் வந்தார்? ஊரவன்தான் எடுத்திருக்க வேண்டும். எடுத்தவர்கள் மிகச் சிலரே.

ஆகவே எமது எண்ணம் இதுதான். ‘எங்கட ஊர்தானே’ என்பது ஓர் அனுமதிச் சீட்டு அன்று. அது ஒரு கடன் பத்திரம். அந்நியனுக்கு இல்லாத உரிமையை அது எமக்குத் தரவில்லை. அந்நியனுக்கு இல்லாத கடமையை எம்மேல் சுமத்துகின்றது. அந்நியன் ஒருநாள் வந்து போகலாம். ஊரவன் திரும்பத் திரும்ப வர வேண்டியவன். சேற்றை எடுத்தவன் சேறு கழுவப்பட்டதையும் எடுக்க வேண்டும். விழுந்த சுவரை எடுத்தவன், அது எழாமல் பத்து வருடம் கிடந்தால் அதையும் எடுத்து, கேட்க வேண்டியவரிடம் கேட்க வேண்டும்.

பார்க்க முடியாதவர்கள்

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஊர் என்பது ஒரே மனம் கொண்டதன்று. ரிக்குசென்தகாதாவுக்குத் தெற்கிலும் வடக்கிலும் உள்ள பட்டினங்கள் பல ஒரு கேள்வியால் பிளவுபட்டன. ஒட்சுச்சி என்ற பட்டினத்தில் நகர முதல்வரும் ஊழியர் பலரும் கடல்கோளில் மாண்டார்கள். சிதைந்த பழைய நகரமன்றக் கட்டடத்தை நினைவுச் சின்னமாக வைத்திருக்க வேண்டும் என்றனர் சிலர். ‘ஒவ்வொரு நாளும் அதைக் கடந்து போக எங்களால் முடியாது’ என்ற நிலையில் இருந்தனர் வேறு சிலர். இரு பக்கத்திலும் உறவினரை இழந்தவர்கள் இருந்தார்கள். கடைசியில் 2019இல் அந்தக் கட்டடம் இடிக்கப்பட்டது. யார் சரி, யார் பிழை என்று தூரத்தில் இருந்து நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எனினும் ஒன்று சொல்லலாம். கட்டடம் தெருவில் நிற்கும். கடந்து போகிறவர் பார்க்காமல் இருக்க முடியாது. படத்தை மூடி வைக்கலாம். பார்க்க ஆயத்தமான நாளில் திறக்கலாம். எனவே படம் எடுத்தல் வேறு, எல்லோருக்கும் காட்டுதல் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதுதான் இன்றைய கைத்தொலைபேசியின் பெரிய குழப்பம். எடுத்த கணத்திலேயே அது ஆயிரம் பேரிடம் போய்விடுகின்றது. ஹத்தகெயாமாவின் ஆற்றுப் படங்கள் வருடக்கணக்காகப் பெட்டிக்குள் பொறுத்திருந்தன. எமது படங்களும் சிறிது காலம் பெட்டிக்குள் இருக்கப் பழக வேண்டும்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 2011க்குப் பின் யப்பானில் தொண்டர்கள் சேற்றுக்குள் இருந்து குடும்பப் படங்களைப் பொறுக்கி எடுத்து, நீரில் மெதுவாகக் கழுவி, காயவைத்து, உரியவர்களிடம் ஒப்படைக்க முயன்றார்கள். மியாகி மாகாணத்தின் யமமோட்டோ என்ற ஒரு பட்டினத்தில் மாத்திரம் சுமார் 750,000 படங்கள் இவ்வாறு சேகரிக்கப்பட்டன. வீட்டை இழந்தவர்கள் வந்து, வரிசையாக வைக்கப்பட்ட படங்களுக்குள் தங்கள் பிள்ளையின் முகத்தைத் தேடினார்கள். படம் எடுப்பதற்கு எதிரான செயல் படத்தைத் திருப்பிக் கொடுத்தல். துன்பப்பட்ட ஊருக்கு அதிகம் தேவைப்படுவது அதுவே.

அந்த இளைஞனிடம் நாம் இவ்வளவையும் சொல்லவில்லை. “அந்த அம்மாவிடம் போய்ப் படத்தைக் காட்டிக் கேட்டுவிட்டு வாரும்” என்று மட்டும் சொன்னோம். அவன் முகம் வாடியது. திரும்பி வரமாட்டான் என்றே எண்ணினோம்.

மூன்று வாரம் கழித்து வந்தான். படத்தைப் பார்த்த அந்தத் தாய் நெடுநேரம் பேசவில்லையாம். பிறகு, “இதைப் போட வேண்டாம் தம்பி. அது நானும் அவரும் தனிய இருந்த நேரம்” என்றாராம். கணவர் இறந்து பல வருடம். பின் உள்ளே போய், முகம் முழுதும் கரையாமல் எஞ்சிய இரண்டு படங்களை எடுத்து வந்து, “இதுகளைத் திருப்பி எடுத்துத் தர ஏலுமே?” என்று கேட்டாராம். அவன் பட்டினத்தில் உள்ள ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்துத் துப்புரவாக்கி, பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கின்றான். அப்போது அவர், “வேணுமெண்டால் சுவரை எடு. அது எல்லாரும் பார்க்கத்தான் வேணும்” என்று சொல்லி, தண்ணீர் நின்ற கோட்டருகே தாமே போய் நின்றாராம். கோடு அவருடைய தோளுக்கு மேலே நிற்கின்றது.

அந்தப் படத்தை அவருடைய சம்மதத்தோடு நாம் பிரசுரிக்க இருக்கின்றோம். வரும் வருடமும் அதே சுவரடியில் எடுத்து வருவதாக அவன் சொல்லிச் சென்றிருக்கின்றான். கோடு அழிந்திருக்குமா, சுவர் இருக்குமா, அவர் இருப்பாரா என்பதெல்லாம் இறைவனுக்கே வெளிச்சம்.

ஹத்தகெயாமா தமது ஊரில் ஒரு மரத்தைக் கண்டு படம் எடுத்திருக்கின்றார். ஒரு பாதி கடல்நீரால் பட்டுப்போய் வெறுங்கொம்பாக நிற்கின்றது. மறுபாதி பச்சை இலைகளோடு தழைத்து நிற்கின்றது. ஒரே அடிமரம். அதைப் பார்த்தபின் அக்கரை முழுவதும் அத்தகைய மரங்களைத் தேடி அலைந்து படம் எடுத்தார். முதல் வாரத்தில் போனவருக்கு அந்த மரம் அகப்பட்டிராது. பட்ட பாதி எது, பிழைத்த பாதி எது என்று தெரிவதற்கே வருடங்கள் வேண்டும்.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் ஊரும் அப்படித்தான். ஆகவே பிள்ளைகளிடம் கமராவைக் கொடுங்கள். வெள்ளம் வரும்வரை காத்திராமல், இன்றே ஆற்றையும் சந்தையையும் ஒழுங்கையையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அலுமாரியில் உள்ள பழைய படங்களின் பின்புறத்தில் பெயரையும் வருடத்தையும் எழுதி வையுங்கள். ஒரு பிரதியை வேறூரில் உள்ள உறவினரிடம் கொடுத்து வையுங்கள். வெள்ளம் வந்துவிட்டால் முதலில் வாளியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு அயல்வீட்டுக்குப் போங்கள். சேறு அள்ளி முடிந்தபின், “அக்கா, ஒரு படம் எடுக்கட்டோ?” என்று கேளுங்கள். ஓம் என்றால் எடுத்து, ஒரு பிரதியை அவருக்குக் கொடுங்கள். வேண்டாம் என்றால் அடுத்த வருடமும் போங்கள்.